காயும் கண்மாய், காயாத குட்டை

நரிக்குடி வட்டாரத்தில் மீன் ஆண்டு முழுவதும் கிடைத்த பொருள் அல்ல. ஐப்பசியில் மழை பிடித்து, கார்த்திகையில் கண்மாய் பெருகி, தை மாசியில் நெல் அறுத்து, பங்குனி சித்திரையில் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கும்போதுதான் மீன் ஊருக்குள் வரும். வைகாசியில் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அடிச்சேற்றில் ஈரம் மிஞ்சிய இடமாகப் பார்த்து விராலும் தேளியும் பதுங்கியிருக்கும். மேலே ஆடு மேயும். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும் மண் இது. தண்ணீர் வருவதும் வற்றுவதும் ஒரே ஆண்டுக்குள் முடிந்துவிடும் கணக்கு.

இந்தப் பக்கத்து மீன்பிடியைப் பற்றி எழுதுகிறவர்கள் வலையை எழுதியிருக்கிறார்கள், திருவிழாவை எழுதியிருக்கிறார்கள், ஏலச் சண்டைகளையும் எழுதியிருக்கிறார்கள். மீனுக்கு வந்த நோயை யாரும் எழுதுவதில்லை. ஆனால், கடந்த எழுபது ஆண்டுகளில் இந்தக் கண்மாய்களுக்குள் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள நோய்தான் நல்ல வழி. குறிப்பாக மீசை வைத்த மீன்களின் நோய்: கெளுத்தி, தேளி, பின்னால் வந்து சேர்ந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, பங்காசியஸ்.

நிலத்தை முதலில் பார்த்துவிடலாம். திருச்சுழியைத் தொட்டு குண்டாறு ஓடுகிறது. நரிக்குடிப் பக்கத்துக்குக் கிருதுமால் நதி வருகிறது. மதுரைக்கு மேற்கே நாகமலைப் பக்கம் பிறந்து, மதுரை நகருக்குள் நுழைந்து, சிவகங்கை எல்லையைத் தொட்டு இங்கே இறங்கும் ஆறு. இரண்டுமே மழைக்கு மட்டும் ஓடுபவை. அவற்றை நம்பித்தான் ஒன்றன் கலுங்கு நீர் இன்னொன்றுக்குப் பாயும்படி கண்மாய்களைத் தொடுத்து வைத்தார்கள். மருது சகோதரர்கள் பிறந்த முக்குளமும் நரிக்குடியை அடுத்து இதே வலைப்பின்னலுக்குள் இருக்கும் ஊர்தான். 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரியும்வரை இவை எல்லாம் ராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தவை. மாவட்டம் பிரிந்தாலும் ஒரு கண்மாயின் மீன் மழைக்காலத்தில் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போவது நிற்கவில்லை. நோய் போவதும் அப்படித்தான்.

குளத்து மீனுக்குக் குத்தகை கேட்கும் வழக்கம் மிகப் பழையது. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் ‘பாசிப்பாட்டம்’ என்று ஒரு வருவாய் வருகிறது. நீர்நிலையில் மீன் பிடிக்கும் உரிமைக்காகக் கொடுக்கப்பட்டது அது. அந்த வருவாயை ஏரியைத் தூர்வாரவும் கரையை உயர்த்தவும் ஒதுக்கி வைத்த ஏற்பாடுகளும் உண்டு. மீனால் வந்த பணம் மீன் வாழும் தண்ணீருக்கே திரும்பிச் செல்லும்படி அமைத்த அந்தக் கணக்கு மிகுந்த மதிப்புக்குரியது. இன்றும் தென்மாவட்டங்களில் ‘மீன்பாசி ஏலம்’ என்றுதான் சொல்கிறார்கள். பெயர் நிலைத்தது, பணம் போகும் திசை மாறிவிட்டது.

ஜமீன் காலத்தில் கண்மாய் ஜமீனுடையது. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு அவை அரசின் கைக்கு வந்தன. 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. மீனுரிமையை ஏலத்தில் எடுப்பவர் தண்ணீர் நிற்கும் சில மாதங்களுக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். குஞ்சு வாங்கி விட்டு, காவல் போட்டு, வலை இழுத்து, மதுரைக்கோ அருப்புக்கோட்டைக்கோ அனுப்பி, கடைசியில் அடிமட்டத் தண்ணீரில் மிஞ்சியதை ஊருக்கு விடுவார்.

அந்தக் கடைசி நாள்தான் மீன்பிடித் திருவிழா. கண்மாய் அழிக்கிறது என்பார்கள். மேலூர், சிங்கம்புணரிப் பக்கங்களில் இன்றும் ஆயிரக்கணக்கானோர் கூடுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுக் கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசியதும் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் பாயும். ஒருவர் கையில் ஊத்தா, இன்னொருவர் கையில் கச்சா, பரி, கொசுவலை, ஒன்றும் இல்லாதவர் கையில் பழைய சேலை. முழங்கால் ஆழத்தில் ஊத்தாவைக் குத்திக் குத்தி நடப்பவர் உள்ளே ஏதோ முட்டும்போது மேல் வாய் வழியே கையை விடுவார். விராலாக இருந்தால் அதிர்ஷ்டம். தேளியாக இருந்தால் அன்று முழுவதும் கை கடுத்துக்கொண்டிருக்கும். அதன் மார்பு முள்ளில் நஞ்சு உண்டு. பிடித்ததை விற்கக் கூடாது, ஆக்கித் தின்ன வேண்டும், வந்த விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதாச் சட்டம். ஊர் முழுக்க ஒரே குழம்பு வாசம் அடிக்கும் நாள் அது.

இந்தச் சடங்கு நல்ல மழைக்கான வேண்டுதல் என்று சொல்வார்கள். மீன் நோய் படித்தவர் கண்ணுக்கு அதில் வேறொன்றும் தெரியும். ஒரு நீர்நிலையில் இருக்கும் மீனை எல்லாம், நோஞ்சானும் புண்பட்டதும் உட்பட, ஒரே நாளில் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சிய தண்ணீரைச் சித்திரை வெயில் குடித்துவிடுகிறது. அடிச்சேறு காய்ந்து வெடிக்கிறது. பிறகு மாட்டுவண்டிகள் இறங்கிக் கரம்பை மண்ணை வெட்டி வயலுக்குக் கொண்டுபோகின்றன. கரிசலுக்கும் செவலுக்கும் கரம்பை அடிப்பது உரத்துக்காகச் செய்த வேலை. அதனோடு சேர்ந்து, மீன் கழிவும் அழுகிய பாசியும் தங்கிய மேல்வண்டல் ஆண்டுதோறும் கண்மாயைவிட்டு வெளியேறியது. இன்று மீன் பண்ணையாளருக்கு வளர்ப்பு முடிந்ததும் குளத்தை வடித்து, வெயிலில் காயவிட்டு, மேல்சேற்றை அள்ளி, சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். சுண்ணாம்பு தவிர மற்ற எல்லாவற்றையும் இந்த வறட்டுச் சீமை தன் போக்கில் செய்துகொண்டிருந்தது.

மீனைக் கொல்லும் பாக்டீரியாக்களில் பல வெளியிலிருந்து படையெடுத்து வருபவை அல்ல. ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற கிருமி ஏறக்குறைய எல்லா நன்னீரிலும் உண்டு. 1891இல் இத்தாலியரான சனரெல்லி அதை நோயுற்ற தவளைகளிலிருந்து எடுத்து விவரித்தார். மீன் திடமாக இருக்கும்வரை அது மீனோடே வாழும். நெருக்கடி, அடிபட்ட தோல், ஆக்சிஜன் குறைவு, அழுகும் தீவனம் என்று ஏதாவது ஒன்று சேர்ந்தால்தான் உள்ளே புகும். தோலில் சிவப்புத் திட்டு, துடுப்பு அழுகல், வயிறு வீங்கி செதில் சிலிர்த்து நிற்றல், கண் பிதுங்கல் ஆகியவை அதன் அடையாளங்கள். இன்னொன்று காலம்நாரிஸ். 1922இல் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் மிசிசிப்பி ஆற்று மீன்களில் கண்டு எழுதியது. முதுகில் குதிரைச் சேணம் போட்டாற்போல் வெளிறிய திட்டு, செவுளில் மஞ்சள் அழுகல். வெதுவெதுப்பான நீரில் அது வேகமாகப் பரவும். வலையில் உரசிச் செதிலும் வழவழப்பும் போன மீனை அது முதலில் பிடிக்கும். வழவழப்பு என்பது மீனின் கவசம். செதிலே இல்லாத கெளுத்திக்கும் தேளிக்கும் அதுவே முதல் அரண்.

தேளிக்கு அறிவியல் உலகில் ஒரு தமிழ்நாட்டுப் பிறப்பிடம் உண்டு. 1794இல் பெர்லினில் இருந்த மீனியலாளர் மார்க்கஸ் பிளாக் அதை முதலில் விவரித்தது தரங்கம்பாடியிலிருந்து போன மீனை வைத்துத்தான். அதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, மதராஸ் படையில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே நாடு முழுவதும் நன்னீர் மீன்வளத்தை ஆராய்ந்து 1873இல் அறிக்கை கொடுத்தார். அவருடைய பெரிய கவலை குஞ்சு மீன்களை வாரி அழிப்பதும் தண்ணீரில் நஞ்சு கலப்பதும். வெடியையும் நஞ்சையும் தடைசெய்த இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் வந்தது. 1907இல் பிரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் மதராஸ் மாகாணத்துக்கு மீன்வளத் துறை அமைந்தது. அந்தக் காலத்தின் எண்ணம் எல்லாம் மீனைப் பெருக்குவது பற்றியது. வளர்ப்பு மீனே இல்லாத இடத்தில் வளர்ப்பு மீனின் நோய் எப்படி வரும்?

மாற்றம் 1950களில் தொடங்கியது. 1952இல் மொசாம்பிக் திலாப்பியா மதராஸ் மாநிலத்துக்கு வந்தது. ஊர்வாயில் அது ஜிலேபி. பஞ்ச காலத்துக்கு ஏற்ற புரதம் என்று வரவேற்றார்கள். ஓரிரு பத்தாண்டுகளில் தென்னாட்டுக் குளங்களில் அது புகாத இடம் அரிதாகிவிட்டது. 1957 ஜூலையில் ஒடிசாவின் கட்டாக்கில் ஹிராலால் சவுத்ரி பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார். அதுவரை ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பொறுக்கியவர்கள் இனிக் குஞ்சை உற்பத்தி செய்யலாம். 1959இல் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்தன. 1970களில் மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமைகள் ஏற்பட்டபோது கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் வைகை அணை, மணிமுத்தாறு போன்ற அரசுப் பண்ணைகளிலிருந்து பிளாஸ்டிக் பைகளில் ஆக்சிஜன் அடைத்துக் கண்மாய்களுக்கு வந்தன. கங்கைச் சமவெளி மீன் நரிக்குடிக் கண்மாயில் நீந்தியது. வருமானம் கூடியது உண்மை. கூடவே, ஒரு வட்டாரத்துத் தண்ணீர் இன்னொரு வட்டாரத்துக்குப் பையில் பயணம் போகும் பழக்கமும் வந்துவிட்டது.

அந்தப் பழக்கத்தின் விலை என்ன என்பது 1988இல் தெரிந்தது.

1971இல் ஜப்பானில் ஒரு புண் நோய் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில். பிறகு பப்புவா நியூ கினி, இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, பர்மா என்று நாடு நாடாக நகர்ந்தது. 1987இல் இலங்கையைத் தொட்டது. 1988இல் வங்கதேசம், அதே ஆண்டில் திரிபுரா, அசாம், மேற்கு வங்கம். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா. விராலின் முதுகில், குரவையின் விலாவில், கெளுத்தியின் தலைப்பக்கத்தில் முதலில் ஒரு சிவப்புப் பொட்டு. சில நாளில் அது குழிவிழுந்த புண்ணாகும். சதை அழுகி எலும்பு தெரியும். மீன் உடனே சாகாமல் அந்தப் புண்ணோடு நீந்திக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள் மீன் வாங்குவதை விட்டார்கள். வங்கத்திலும் அசாமிலும் மீன் சந்தை படுத்துவிட்டது. நோய் வராத மீனையும் எவரும் தொடவில்லை.

காரணம் என்ன என்பதில் விஞ்ஞானிகள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அலைந்தார்கள். புண்ணைக் கீறி வளர்த்தால் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா கட்டுக்கட்டாக வளர்ந்தது. அதனால் பாக்டீரியா நோய் என்றார்கள். சில மீன்களில் வைரஸ் கிடைத்தது, வைரஸ் என்றார்கள். பூச்சிமருந்து என்றும் சந்தேகம் எழுந்தது. கடைசியில், சதைக்குள் ஆழமாக ஊடுருவும் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற நீர்வாழ் உயிரிதான் முதல் குற்றவாளி என்று 1990களின் நடுவில் நிலைநாட்டினார்கள். அது கதவை உடைத்த பிறகு உள்ளே நுழைந்து மீனைக் கொல்வது பாக்டீரியா. 1971இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பூஞ்சையை ஏற்கெனவே சுட்டியிருந்தார்கள் என்பது இந்தக் கதையின் வருத்தமான பகுதி.

இந்த நோய்க்குப் பிடித்த காலம் குளிர். வெயில் காலத்தில் இல்லாமல், மழை பெய்து, தண்ணீர் குளிர்ந்து, புதுவெள்ளத்தால் நீரின் காரத்தன்மை குறையும் நாட்களில்தான் அது கிளம்பும். நம் நாட்காட்டியில் அது கார்த்திகை முதல் தை வரை. நரிக்குடிக் கண்மாய்கள் பெருகும் காலமும் அதுவே. கலுங்கு வழிந்து ஊர் ஊராக நீர் கைமாறும் காலமும் அதுவே. கண்மாய்த் தொடர் தண்ணீரைப் பங்கிட எவ்வளவு அழகான ஏற்பாடோ, இந்த நோய்க்கும் அவ்வளவு வசதியான பாதையாகிவிடும்.

அது யாரைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் இந்தச் சீமைக்கு முக்கியம். விரால், குரவை, கெளுத்தி போன்ற நாட்டு மீன்களை அது முதலில் பிடித்தது. விராலுக்கும் தேளிக்கும் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. தண்ணீர் சுண்டி ஆக்சிஜன் தீர்ந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். சித்திரையில் விடியும் முன் கட்லாவும் ரோகும் வாயைத் திறந்து மேலே வந்து செத்து மிதக்கும்போது இவை சாவதில்லை. எத்தனையோ பஞ்சங்களைத் தாண்டிய மீன்கள் குளிர்காலத்துப் புண்ணுக்கு மடிந்தன. ஜிலேபிக்கோ அந்த நோய் எளிதில் வருவதில்லை. நாட்டு மீன் குறைந்ததற்குப் பூச்சிமருந்து, தூர்ந்துபோன வரத்துக்கால், கண்மாயை அடைத்த சீமைக்கருவேலம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எது குறைந்தது, எது பெருகியது என்ற கணக்கில் இந்தப் புண் நோய்க்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும். கண்மாயில் ஊத்தாவை விட்டால் விரால் முட்டிய காலம் போய் ஜிலேபி முட்டும் காலம் வந்தது தானாக நடந்ததல்ல.

அப்போது மீன்வளத் துறையினர் சொன்ன மருந்து சுண்ணாம்பு. காரத்தன்மையை உயர்த்தும், அமிலச் சேற்றைத் தணிக்கும். வடகிழக்கில் மஞ்சளையும் உப்பையும் சுண்ணாம்போடு கலந்து போட்டார்கள். புவனேசுவரத்தில் உள்ள நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் ‘சிஃபாக்ஸ்’ என்ற கலவையைக் கொண்டுவந்தது. சிறு குளத்துக்கு இவை பயன்பட்டன. 200 ஏக்கர் நீர்ப்பரப்புக்கு எத்தனை மூட்டை சுண்ணாம்பு போடுவது? பெரிய கண்மாய்களில் நோய் வந்தால் செய்யக் கூடியது பொறுத்திருப்பதுதான். தை போய் மாசி வெயில் ஏறினால் நோய் அடங்கும். சித்திரையில் கண்மாய் காயும்.

கெளுத்தியின் நோயை உலகுக்குப் பெரிதாகக் கற்றுக்கொடுத்த இடம் வேறொன்று. அதுவும் பருத்தி மண். அருப்புக்கோட்டைக் கரிசல்போலவே தண்ணீரைப் பிடித்து வைக்கும் களிமண் பூமி மிசிசிப்பி டெல்டா. 1960களின் நடுவில் அங்கே பருத்தி, சோயா விளைந்த நிலத்தில் கரை எழுப்பிக் கெளுத்தி வளர்க்கத் தொடங்கினார்கள். 2003இல் அமெரிக்கப் பதன ஆலைகள் கையாண்ட வளர்ப்புக் கெளுத்தி சுமார் 66 கோடி பவுண்டு, அதாவது 3 லட்சம் டன். இந்த வளர்ச்சிக்கு அவர்கள் பிடித்த வழி, குளத்தை வடிக்காமலே வளர்ப்பது. பெரிய மீனை வலையில் பிரித்தெடுத்துவிட்டு அதே தண்ணீரில் புதுக் குஞ்சை விடுவார்கள். குளம் ஆண்டுக்கணக்கில் காயாது. மூத்த மீனின் நோய் இளசுக்குப் போகத் தடையே இல்லை.

1976இல் அலபாமா, ஜார்ஜியாப் பண்ணைகளில் அதுவரை காணாத ஒரு கிருமி தென்பட்டது. ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஹாக் அதை 1979இல் விவரித்தார். 1981இல் எட்வர்ட்சியெல்லா இக்டலூரி என்று பெயர் வைத்தார்கள். அது கெளுத்தியின் மூக்குக்குழி வழியே நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறும். இரு கண்களுக்கும் இடையே மண்டையோடு அரித்து ஒரு துளை விழும். மீன் தலை மேலும் வால் கீழுமாகத் தொங்கிச் சுழலும். குடல் வழியாகவும் அது புகும். அப்போது தொண்டைக்கு அடியிலும் வயிற்றிலும் இரத்தப் புள்ளிகள் தெரியும். தண்ணீர் 22 முதல் 28 பாகைக்குள் இருக்கும்போதுதான் இது பெரிதாக அடிக்கும். அடிச்சேற்றில் மூன்று மாதம்வரை உயிரோடு இருக்கும் என்றும் கண்டார்கள். காயாத குளத்தில் அந்தச் சேறு எப்போதும் இருந்தது.

அங்கிருந்த விவசாயிகள் கண்ட உடனடி மருந்து வியப்பானது: தீவனத்தை நிறுத்துவது. நோய் மீன் தீனி தின்னும்போதும் பரவுகிறது என்பதால், சாவு தொடங்கியதும் தீவனத்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ இழப்பு குறைந்தது. மருந்து கலந்த தீவனம் வந்தது. 2000இல் வீரியம் குறைத்த உயிர்க்கிருமித் தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. ஆனாலும் 2009இல் அலபாமாவில் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலாவின் ஒரு கொடிய வகை விற்பனைக்குத் தயாராக இருந்த பெருமீன்களையே கொத்துக் கொத்தாகக் கொன்றது. அதன் மரபணுவை ஆராய்ந்தவர்கள் சீனக் கெண்டைகளில் கிடைத்த கிருமியோடு அது நெருங்கிய உறவு என்று 2014இல் எழுதினார்கள். எல்லாத் தண்ணீரிலும் இருக்கும் கிருமி என்று அலட்சியமாக விட்டதன் ஒரு கிளை கடல் கடந்து வந்து சேர்ந்திருந்தது.

ஆசியாவில் இதே கதை வியட்நாமின் மீகாங் டெல்டாவில் நடந்தது. 1990களின் இறுதியில் அங்கே பங்காசியஸ் கெளுத்தியின் ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் மூன்றிலும் வெண்புள்ளிகள் கண்டன. 2002இல் அதுவும் எட்வர்ட்சியெல்லா இக்டலூரிதான் என்று உறுதியாயிற்று. அதே பங்காசியஸ் 1990களின் நடுவில் வங்கதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்து, 2000களில் ஆந்திரக் குளங்களில் பெரும் தொழிலானது. முள் இல்லாத வெள்ளைத் துண்டாகத் தமிழ்நாட்டு உணவகங்களுக்கு வருவது பெரும்பாலும் அதுதான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்ததும் அந்த வங்கதேச வழியில்தான், அரசு அனுமதி இல்லாமல். கறிக்கடைக் கழிவையும் கோழிக் குடலையும் போட்டால் ஆறே மாதத்தில் பெருக்கும் மீன் அது. சாக்கடை நீரிலும் சாகாது. ஈரத் தரையில் நெளிந்தே அடுத்த குளத்துக்குப் போய்விடும். நாட்டு மீனின் குஞ்சைத் தின்றுவிடும். மத்திய அரசு 2000இல் தடைசெய்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடையை நடைமுறைப்படுத்த வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கங்களில் ரகசியக் குட்டைகளைக் கண்டுபிடித்து அதிகாரிகள் மீன்களை அழித்த செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. சட்டத்தின் வாதம் நாட்டு மீனையும் மக்கள் நலத்தையும் காப்பது. நோயின் கோணத்தில் பார்த்தால் அந்தக் குட்டைகள் இன்னும் அச்சம் தருபவை. அழுகும் குடல், கழிவுநீர், நெருக்கமாக மீன், சாகாமல் இருக்க அள்ளிப் போடும் ஆன்டிபயாட்டிக். மருந்துக்குப் பணியாத கிருமி விளைவதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டாம். ஏரோமோனாஸ் மனிதரின் புண்ணிலும் தொற்றும் கிருமி. மீன் முள் குத்திய விரல் வீங்கிச் சீழ் வைப்பதை மீன் அறுப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

நரிக்குடிக்குத் திரும்பலாம். கடந்த சில ஆண்டுகளில் விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அரசு மானியத்தில் பண்ணைக்குட்டைகள் வெட்டப்பட்டன. மழைநீரைத் தேக்கி மிளகாய்க்கும் பருத்திக்கும் ஓரிரு உயிர்த்தண்ணீர் விடுவதற்கு வந்த திட்டம். தண்ணீர் நின்றதும் மீன் குஞ்சு விடச் சொன்னார்கள். 2020இல் பிரதமரின் மீன்வளத் திட்டம் தொடங்கியதும் தார்ப்பாய் விரித்த தொட்டிகளும் பயோஃபிளாக்கும் மானியப் பட்டியலில் சேர்ந்தன. சிறு விவசாயிக்கு இவை நல்ல வருமானம். மானாவாரியில் ஒரு பயிர் பொய்த்தால் கை கொடுக்க இன்னொன்று வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் இங்கேதான் பழைய கணக்கு முறிகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரால் நிரப்பப்படும் குட்டை சித்திரையிலும் காய்வதில்லை. தார்ப்பாய்க்கு மேல் தேங்கும் கழிவு யாருடைய வயலுக்கும் கரம்பையாகப் போவதில்லை. கண்மாயில் பல நூறு ஏக்கரில் பரவி வளர்ந்த மீன் இங்கே சில சென்ட் இடத்தில் நெருக்கி நிற்கிறது. வெளியூர்க் குஞ்சு வியாபாரியிடம் வாங்கிய குஞ்சு எந்தக் குளத்தில் பிறந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. மிசிசிப்பி விவசாயி நாற்பது ஆண்டுகளுக்கு முன் சந்தித்த நிலைமை நம் முள்ளுக்காட்டுக்கு நடுவே சிறு சிறு குட்டைகளாக உருவாகிறது.

கண்மாய்களும் பழைய கண்மாய்கள் அல்ல. வைகையில் தண்ணீர் இருந்தால் விரகனூர் மதகணையிலிருந்து கிருதுமால் நதியில் திறந்துவிட வேண்டும் என்பது நரிக்குடி விவசாயிகள் ஆண்டுதோறும் எழுப்பும் கோரிக்கை. நியாயமான உரிமை அது. ஆனால் அந்தக் கிருதுமால் மதுரை நகரின் கழிவுநீர்க் கால்வாயாக எப்போதோ மாற்றப்பட்டுவிட்டது. நகரத்தின் அழுக்கு முதல் வெள்ளத்தோடு கீழ்நாட்டுக் கண்மாய்களுக்கு இறங்குகிறது. கரிமக் கழிவு கூடினால் ஏரோமோனாஸ் பெருகும். மருத்துவமனைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலந்த நீரில் மருந்துக்கு அடங்காத வகைகளும் வரும். நெல்லுக்கு வரும் தண்ணீர் மீனுக்கும் வருகிறது. மதுரையில் ஆற்றைச் சுத்தம் செய்யும் பேச்சு எழும்போது கீழே அறுபது, எழுபது கிலோமீட்டர் தள்ளியுள்ள கண்மாயில் குஞ்சு விட்டிருப்பவரையும் அதில் சேர்த்துப் பேச வேண்டும்.

நோயைக் கண்காணிக்க 2013இல் தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரியும் இருக்கின்றன. 2023இல் மீன் நோயைப் படம் பிடித்து அனுப்ப ஒரு கைபேசிச் செயலியும் வெளியானது. 1988இல் புண் நோய் பரவியபோது தூத்துக்குடிக் கல்லூரியைத் தவிர இவை எதுவும் இல்லை. எனினும் செயலியில் படம் போவதைவிட முக்கியமானது படம் எடுக்க வேண்டிய மீனை ஒருவர் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது. கார்த்திகையில் கலுங்கோரம் புண்ணோடு ஒதுங்கும் கெளுத்தியைக் கண்டவர், கண்மாய் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

2017இல் வண்டல் மண்ணை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள அரசு வழி திறந்தது. பிறகு வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கும்படி அதை எளிதாக்கியது. இப்போது வண்டிக்குப் பதில் டிராக்டரும் டிப்பரும் வருகின்றன. கரம்பையோடு கிராவலும் சேர்ந்து போய்விடுகிறது என்ற புகாரும் உண்டு. அளவறிந்து மேல்வண்டலை மட்டும் எடுத்தால் வயலுக்கும் நன்மை, மீனுக்கும் நன்மை. மீன்பாசி ஏலத் தொகையில் ஒரு பகுதியை அந்தக் கண்மாயின் வண்டலுக்கும் வரத்துக்காலுக்கும் ஒதுக்குவது பாசிப்பாட்டக் காலத்திலேயே முடிந்த காரியம். குத்தகைதாரருக்கு நிபந்தனை விதிக்கும்போது எந்தப் பண்ணையில் குஞ்சு வாங்கினார் என்பதற்குச் சீட்டு கேட்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி கலந்திருந்தால் குத்தகையை ரத்து செய்யலாம். புண் மீன் கண்டால் மீன்வள அலுவலகத்துக்குச் சொல்லும் பொறுப்பை அவர்மேல் வைக்கலாம். பண்ணைக்குட்டைக்கு மானியம் கொடுப்பவர்கள் சித்திரையில் இருபது நாளாவது குட்டையைக் காயப்போட வேண்டும் என்று எழுதிச் சேர்க்கலாம். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் இவற்றில் ஒன்றிரண்டையாவது நரிக்குடி ஒன்றியத்தில் தொடங்க முடியும்.